பந்தலுக்குள் பேசிய பேரம்

எழுபத்து நாலோ எழுபத்தஞ்சோ, வருஷம் சரியாக நினைவில்லை. பாலக்காட்டு டவுனுக்கு வெளியே, அப்போதுதான் ஒவ்வொன்றாக வீடுகள் வந்துகொண்டிருந்த ஓர் அமைதியான பகுதியில் நாங்கள் குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டும் தமிழ்நாட்டு எல்லையோரத்து வடகரப்பதிப் பக்கம். அங்கே எல்லாரும் தமிழ்தான் பேசுவோம். இங்கே சுற்றிலும் மலையாளம். கேட்டால் புரியும், பேச வராது. தமிழிலேயே ஆள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் நான். அஞ்சாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. அப்படிப்பட்டவள் மலையாளம் எங்கே பேசுவது!

என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்களைத் தனிக்குடித்தனம் வைப்பதில் என் நாத்தனாருக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, துளியும் விருப்பமில்லை. "வாயே இல்லாத புள்ள. டவுன்ல போயி உப்பு வாங்கறதுக்குக்கூட இவளுக்கு ஆள் வேணும்" என்று என் காதுபடவே சொன்னார். கடைசியில், என்னை அம்முணி என்று கூப்பிடும் மாமனார்தான் முடிவு சொன்னார்.

"மூணு மாசம் பாக்கலாம். செரிவரலைன்னா அம்முணி ஊட்டுக்கு வந்துரட்டும். பையன் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போகட்டும்."

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் புருஷனைப் பார்ப்பது என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அந்த மூன்று மாதமும் நான் வாசல் தாண்டவில்லை என்றே சொல்லலாம். அந்தப் பகுதியில் கடை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பலகை மாட்டிய கடை எதுவும் கண்ணில் பட்டதில்லை. வேலை முடிந்து வரும்போது அவரே டவுனிலிருந்து காய் வாங்கி வந்துவிடுவார்.

ஒரு நாள் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். "உங்க மாமனாரும் நங்கையாளும் அடுத்த பஸ்சுல வாறாங்க. சாப்பாட்டுக்கு வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நங்கையாள் என்றால் எங்கள் பக்கத்தில் புருஷனின் அக்கா.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று மாதக் கெடு முடிகிறது, பார்க்க வருகிறார்கள். வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறது. காய் என்று பார்த்தால் வாடிப்போன ஒரு கத்தரிக்காய். வந்தவர்களுக்கு வெறும் பருப்பும் சோறும் போட்டால் நாத்தனார் அன்றைக்கே என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவிடுவார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சந்தையில் என் அம்மா எப்படிப் பேசுவார், எப்படிக் காயை ஒடித்துப் பார்ப்பார் என்றெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "மிரண்டு நின்னா ஏமாத்திப்போடுவாங்க, குரலை ஒசத்திப் பேசோணும்" என்பார் அம்மா.

மூன்றாவது தெரு திரும்பியதும் எனக்கு உயிர் வந்தது. அங்கே பெரிய ஓலைப்பந்தல். எங்கள் ஊர்ச் சந்தையில் போடுவார்களே, அதே மாதிரி. பந்தலுக்குள் பூசணியும், மத்தன் என்கிற பரங்கியும் குவிந்து கிடந்தன. சேனைக்கிழங்கு, முருங்கைக்காய்க் கட்டு, கூடை கூடையாக வெண்டைக்காய், ஓரமாகத் தேங்காய்க் குவியல். மூங்கிலில் வாழைத்தார்கள் தொங்கின. நடுவில் பெரிய தராசு. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு பருமனான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிய கடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் தெரியாமல் இருந்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நேரே போனேன். ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தேன்.

"எந்தா மோளே, எந்து வேணும்?" என்றார் அந்த அம்மா. என்ன வேண்டும் மகளே என்கிறார்.

"வெண்டைக்கா என்ன வெலைங்க?"

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். பிறகு முகத்தை ரொம்பக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "கிலோ ஒரு ரூபா" என்றார்.

"ஒரு ரூபாயிங்களா? முத்தின காய்க்கா? எங்கூர்ல மாட்டுக்குப் போடுவோமுங்க இதெ!"

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே ஆச்சரியம். பந்தலில் ஏணி மேல் நின்று ஓலை கட்டிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதையெல்லாம் பார்த்தால் சோறு ஆகுமா?

"அப்போ மோளே வில பறயூ" என்றார் அந்த அம்மா. நீயே விலை சொல் என்கிறார்.

"எட்டணா."

"அய்யோ! முதலே வராதே! பொழச்சுப் போகண்டே ஞங்ஙளும்?" நாங்களும் பிழைக்க வேண்டாமா என்கிறார்.

அம்மா செய்வது போலவே பையை மடக்கிக்கொண்டு இரண்டு அடி திரும்பி நடந்தேன். "நிக்கூ, நிக்கூ! கொண்டு போய்க்கோ" என்று கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துப் பேரம் பேசினேன். தேங்காயைக் காதருகில் வைத்து ஆட்டிப் பேரம் பேசினேன். எல்லாம் முடிந்ததும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் கொசுறு கேட்டேன். அவர் ஒரு மத்தங்கீற்றையும் சேர்த்துப் பையில் வைத்தார். பந்தலை ஒட்டிய வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது.

காசைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அதிகாரமாகவே சொன்னேன். "நாளைக்கும் வருவனுங்க. நல்ல காயா எடுத்து வெய்யுங்க."

"நாளெ தீர்ச்சயாயிட்டு வரணும். குடும்பத்தோட வரணும்" என்றார் அவர். தீர்ச்சயாயிட்டு என்றால் கட்டாயமாக. எவ்வளவு மரியாதையான கடைக்கார அம்மா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

முருங்கைக்காய்க் குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், மத்தங்காய்க் கூட்டு. மாமனார் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நாத்தனார் பொரியலை மென்றுகொண்டே, "காயெல்லாம் நல்லாருக்குதே. தம்பி நேத்தே வாங்கி வெச்சுட்டுப் போனானாக்கும்?" என்றார்.

"இல்லைங்க. நாந்தானுங்க போயி வாங்கியாந்தேன்."

"நீயா! வெல கேட்டியா, சொன்னதைக் குடுத்துப்போட்டு வந்தியா?"

"ஒரு ரூபா சொன்னாங்க. எட்டணாவுக்குக் கொறச்சேனுங்க."

மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் தோட்டத்தில் வெண்டைக்காய் போட்டுச் சந்தையில் விற்கிறவர். "எட்டணாவா? நம்மகிட்டச் சந்தையில மொத்தமா வாங்கறவனே அதுக்கு மேல குடுக்கறான். டவுனுக்குக் கொண்டாந்து எட்டணாவுக்கு வித்தா அவன் எப்படிப் பொழைப்பான்?" என்றவர், கை கழுவிவிட்டு வந்து துண்டைத் தோளில் போட்டார். "அந்தக் கடையக் காட்டு அம்முணி, பாத்துப்போட்டு வரலாம்."

நாத்தனாரும் கூடவே கிளம்பினார். நான் பொய் சொல்கிறேன் என்றே அவர் நினைத்திருப்பார். நானோ பெருமையாக முன்னால் நடந்தேன்.

தெரு திரும்பியதும் என் கால் நின்றுவிட்டது. பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே பாய் விரித்து ஆணும் பெண்ணுமாகத் தெருவே உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு கத்தி. என் கடையின் சரக்கையெல்லாம் அரிந்து அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "என்ன அம்முணி, விக்கற காயை இவங்களே அரிஞ்சுட்டு இருக்கறாங்க?"

கல்யாண வீடு! அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கம்பக்கம் எல்லாரும் கூடி விருந்துக்குக் காய் அரிந்து கொடுப்பது வழக்கம். எனக்கு அது தெரியாது. காலையில் நான் பேரம் பேசி வாங்கி வந்தது கல்யாண விருந்துக்கு வந்து இறங்கிய காயை. மார்க்கெட்காரர் சரியாகக் கொடுத்தாரா என்று பார்க்கத்தான் அந்த அம்மா தராசு வைத்திருக்கிறார். மாட்டுக்குப் போடுவோம் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்!

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"ஆ! வந்தல்லோ! நம்ம பேரக்காரி வந்தல்லோ!"

பந்தலே திரும்பிப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. நாத்தனார் ஒன்றும் புரியாமல், "ஏனுங்க, இது கல்யாண ஊடுங்களா, கடைங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கல்யாணம். இன்னிக்குக் கடை" என்றார் அந்த அம்மா, சிரிக்காமல். அவர் மணப்பெண்ணின் அத்தை. எங்களுக்காகத் தமிழைக் கலந்து, நடந்தது முழுவதையும் நடித்தே காட்டினார். நான் வெண்டைக்காயை ஒடித்தது, பையை மடக்கிக்கொண்டு நடந்தது, கொசுறு கேட்டது, எதையும் விடவில்லை. "மார்க்கெட்ல நான் இத்தனை வருஷமா வாங்கறேன். இந்த மோள் மாதிரி விலை குறைக்க எனக்குத் தெரியலையே" என்று மாமனாரிடம் முறையிட்டார்.

நான் மாமனாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்கும் கடைக்கும் வித்தியாசம் தெரியாத மருமகள். பெட்டியைக் கட்டு என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? அவருடைய மீசை லேசாக ஆடியது. பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, "எங்கூட்ல வாயே தொறக்காத புள்ளைங்க! கல்யாண ஊட்லயே போயி வெல கொறச்சுப்போட்டு வந்திருக்குது!" என்றார். அதைக் கேட்டு நாத்தனாருக்கும் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்ததும் அந்த அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். மணப்பெண்ணைத் திருச்சூருக்கு அப்பால் கொடுக்கிறார்களாம். தெரியாத ஊர் என்று இரண்டு நாளாக அழுகையாம், சாப்பிடவே இல்லையாம். காலையில் நான் எட்டணா என்று அடித்துப் பேசியதை ஜன்னல் வழியாகக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள். "அவள் சிரிக்கட்டும்னுதான் மோளே நான் கடைக்காரியானேன்" என்றார். நான் கொடுத்த காசை அவர் திருப்பித் தரவில்லை. கடையின் முதல் வரவு என்று சொல்லிப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டாராம். மாமனார் உடனே மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "எம்மருமக கொறச்சதுக்கு இதெச் சேத்து வெச்சுக்குங்க" என்று கொடுத்தார்.

அப்புறம் எங்கள் மூன்று பேர் கையிலும் கத்தியைத் திணித்தார்கள். மாமனார் பூசணி அறுத்தார். நாத்தனார் முருங்கைக்காய் நறுக்கினார். எனக்கு, வேறென்ன, வெண்டைக்காய்தான் வந்தது.

பாயில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எனக்குப் பாடம் நடத்தாத குறைதான். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறைதான் மளிகைக்கடை, பலகை கிடையாது. கீரையும் வெள்ளரியும் வேண்டுமென்றால் குளத்தோரத்து வீட்டின் பின்பக்கம் போய்க் கூப்பிட வேண்டும். பால் கிணற்றடி வீட்டில். மோரும் அங்கேயே, காசு வாங்க மாட்டார்கள். "விலை மட்டும் குறைக்காதே, அந்தம்மா பாவம்" என்று ஒருத்தி சொல்ல, மறுபடி ஒரே சிரிப்பு. அவர்கள் மலையாளத்தில் சொன்னார்கள், நான் தமிழில் கேட்டேன். ஒன்றும் தடைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் என் வயசுப் பெண்கள் நாலு பேர் எனக்குச் சிநேகிதமாகிவிட்டார்கள்.

மணப்பெண் ஒரு தடவை வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினாள். "தெரியாத ஊர்ல அக்காவுக்குப் பேடி இல்லையா?" என்று ரகசியமாகக் கேட்டாள். பேடி என்றால் பயம்.

"நேத்து வரைக்கும் இருந்துதுங்க" என்றேன்.

மறுநாள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்குத்தான் விஷயமே கடைசியில் தெரிந்தது. சாயங்காலம் பஸ் ஏறும்போது மாமனார் அவரிடம், "அம்முணி இங்கயே இருக்கட்டும்டா" என்று மட்டும் சொன்னார். நாத்தனார் ஜன்னலில் தலையை நீட்டி, "அடுத்த தடவ வாறப்ப எனக்கொரு சேலை எடுக்கோணும். நீ கூட வந்து வெல பேசு" என்றார். பஸ் கிளம்பிய பிறகும் நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

இப்போதும் எங்கள் தெருவுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், கூச்சத்தை விட்டு நானாகவே போய்க் கடை கண்ணி எங்கே என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருத்தியின் தவறைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பாலேயே அவளைத் தங்கள் கூட்டத்தில் ஒருத்தியாக்கிக்கொள்ளவும் மனிதர்களுக்குத் தெரியும் என்று அந்தப் பந்தலில் தெரிந்துகொண்டேன்; அன்றிலிருந்து எந்த ஊரும் எனக்கு அந்நிய ஊராகத் தெரிந்ததில்லை.