ஸ்டெல்லா மேடமும் வேர்த்துக் கொட்டிய ஓவியமும்

ஸ்டெல்லா மேடம் காலமான செய்தி வந்தபோது நான் கேளம்பாக்கம் கடைத்தெருவில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் அருள்தாஸ் அழைத்தார். "விடிகாலைல சார். ரொம்பக் கஷ்டப்படல. சாயங்காலம் அடக்கம்," என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒரு வாய்க் கஞ்சி குடிப்பதற்குள் மூச்சிரைத்து, தலையணைகளில் சாய்ந்தபடியே மாதக்கணக்கில் இருந்தவர் அவர். அந்தப் பாடு தீர்ந்ததே என்றுதான் மனம் சொன்னது. மேடம் வீடு இருந்த புதுப்பட்டினத்துக்குப் பேருந்து ஏறிய பிறகுதான் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. அருள்தாஸுக்கு அந்த வாரம் முழுக்க இரவுப் பணி. ஒரே மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அப்படியானால் கடைசி நேரத்தில் மேடம் தனியாகவா கிடந்தார்? வழியெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தில், தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் வேலை பார்த்தோம். வந்த தண்ணீரில் உப்பு எவ்வளவு, போகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு, இதுதான் பிழைப்பு. செங்கல்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் மேடம். முதல் சம்பளத்தில் எல்லோரும் புடவையோ நகையோ வாங்குவார்கள். அவர் கேன்வாஸும் வண்ணமும் வாங்கினாராம். அதற்காக அவருடைய அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அவர் வரைந்ததில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, கோபுரம் இருக்காது. ஆனால் கைக்கு வந்ததைப் பூசுகிறவரும் அல்ல. முதலில் ஒரு கருப்பொருள் வேண்டும். அதை ஒரே சொல்லாகக் கரித்துண்டால் வெறும் கேன்வாஸின் நடுவில் எழுதுவார். பிறகு அந்த எழுத்து துளியும் தெரியாதபடி வண்ணத்தால் மூடிக்கொண்டே போவார். "பேரு உள்ள இருக்கு சார். மேல இருக்கிறதெல்லாம் அது படுற பாடு," என்பார். எனக்குப் புரிந்ததாகத் தலையாட்டுவேன்.

ஒருமுறை 'திங்கட்கிழமை' என்று ஒன்று வரைந்து ஆய்வகச் சுவரில் மாட்டினார். மேலதிகாரி வந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, குழாய் அடைப்பா?" என்று கேட்டார். "கிட்ட வந்துட்டீங்க சார்," என்றார் மேடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்று மாலை வரை நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனாலும் அவர் படத்தை யாரும் கேட்டு வாங்கிப் போனதில்லை. அந்தக் குறை அவருக்கு உள்ளூர இருந்தது.

புதுப்பட்டினத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தின் மாதா கோயிலில் புதிதாகக் கூடம் கட்டியபோது, அங்கே மாட்ட ஒரு பெரிய படம் வரைந்து தருவதாக அவரே போய்க் கேட்டார். கருப்பொருள் 'காத்திருத்தல்'. சாம்பல் நீலம், நடுவில் சொரசொரப்பாக ஒரு பட்டை. அந்தச் சொரசொரப்புக்காகக் கடற்கரை மணலை அள்ளிவந்து வண்ணத்தில் குழைத்திருந்தார். மாட்டிய அன்று ஒரு பெரியவர், "இன்னாம்மா, பெயிண்ட் டப்பா கவுந்துகிச்சா?" என்று கேட்டார். ஃபாதர் நல்ல மனிதர். "இருக்கட்டும், பழகிடும்," என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை அந்தப் பட்டையிலிருந்து துளித்துளியாகத் தண்ணீர் இறங்கியது. சுவரில் ஈரமில்லை, கூரையில் ஒழுகல் இல்லை. யாரோ தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உப்புக் கரித்தது. அவ்வளவுதான். மாதா கண்ணீர் விடுகிறாள் என்று குப்பமே திரண்டுவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். கூடம் முழுக்க மெழுகுவத்தி.

மேடம் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆய்வகத்தில் என் முன்னால் வந்து நின்றார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"சார், நான் மணலைக் கழுவல."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. கடல் மணலில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்பு ஜாடி கசிவதில்லையா, அதேதான். ஊர்த் தண்ணீருக்கெல்லாம் உப்பு பார்த்துச் சொல்கிறவர், தன் படத்தில் கலந்த மணலின் உப்பை மறந்துவிட்டார்! நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சமயம் குப்பத்துப் படகு ஒன்று கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தது. அதில் போன அந்தோணியின் மனைவி ரோஸ்லின், வீட்டுக்கும் போகாமல் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப போய்ச் சொல்லாதீங்க மேடம். படகு வரட்டும். ஜனங்க கோவத்துல என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது," என்றேன். உண்மையிலேயே எனக்கு அவரை நினைத்துப் பயமாக இருந்தது.

"படகு வரலன்னா? என் படம் சொல்லுச்சுன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கா சார் அந்தப் பொண்ணு. என் கவனக்குறைவ சாமின்னு கும்பிட வைக்கலாமா?"

அன்று மாலை நானும் கூடப் போனேன். ஃபாதரிடம் சொன்னார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு மேடம் ரோஸ்லின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, மணல், உப்பு, ஈரம் என்று மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். அவள் கத்துவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "இத நீயா வரைஞ்ச?"

"ஆமாம்மா."

"உப்போ, கண்ணீரோ, இன்னா வேணா இருக்கட்டும்க்கா. வூட்ல என்னால குந்த முடில. இத பாத்துகினு இருந்தா, என்னாட்டமே இன்னொண்ணு இங்க குந்தினு கீதேன்னு இருக்குது. நீ போவாத. இப்டி குந்து."

மேடம் உட்கார்ந்துவிட்டார். படகைப் பற்றித் தகவல் வரும் வரை எழுந்திருக்கவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னது நான்தான். இயந்திரம் பழுதாகி, படகு காற்றில் தெற்கே அடித்துப் போயிருந்தது. அங்கிருந்த மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். அந்தோணியின் குரல் போனில் கேட்டதும் ரோஸ்லின் அவனைத் திட்டிய திட்டு இருக்கிறதே, கோயில் என்றுகூடப் பார்க்கவில்லை. ஃபாதர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேடம் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உண்மையைச் சொன்னார். கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. முன்பு பெயிண்ட் டப்பா என்று கேட்ட அதே பெரியவர், "அப்ப நாங்க ஏத்தின மெழுகுவத்தியெல்லாம் வேஸ்ட்டா?" என்று எகிறினார்.

"கோயில்ல ஏத்துனது எப்படிண்ணே வேஸ்ட்டாகும்? படத்துக்கு ஏத்தினதுன்னா சொல்லுங்க, நான் வேற வாங்கித் தரேன்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. படத்தை மட்டும் இறக்கிவிட முடிவானது. அப்போது ரோஸ்லின் முன்னால் வந்து, அதைத் தனக்குத் தரும்படி கேட்டாள். அதற்குள்ளே எழுதியிருக்கும் பெயரை மேடம் சொல்ல வாயெடுத்தார்.

"பேரெல்லாம் எனக்கு எதுக்குக்கா? எம் புருசன் வர்ற வரைக்கும் நான் இதுக்குள்ளதான இருந்தேன்," என்றாள் அவள்.

திரும்பி வரும்போது மேடம் பேருந்தில் அழுதார். சந்தோஷத்தில் அழுதார் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகும் நிறைய வரைந்தார், சிலதை விற்கவும் செய்தார். அந்த அழுகைக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. பணி ஓய்வுக்குப் பின் நுரையீரல் நோய் பிடித்துக்கொண்டது. வண்ண வாடையே ஆகாது என்றார் மருத்துவர். நான் போன போதெல்லாம், "மனசுக்குள்ள பூசிட்டிருக்கேன் சார்," என்பார். பிறகு அதைச் சொல்லவும் மூச்சு இல்லாமல் போயிற்று.

இப்போது அடக்க நாளுக்கு வருகிறேன். வீட்டு வாசலில் அருள்தாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் உறுத்தியதைக் கேட்டேவிட்டேன். அவர் உள்ளே கையைக் காட்டினார். பெட்டியின் தலைமாட்டில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. தனக்கு இரவுப் பணி வரும் போதெல்லாம் அவள்தான் வந்து படுத்துக்கொள்வாள், ஒரு மாதமாக அப்படித்தான் என்றார் அருள்தாஸ். எனக்கு இது தெரியாது. மேடமும் சொன்னதில்லை.

அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"கடைசில ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"ஒண்ணும் சொல்லல சார். மூச்சு வாங்குறப்ப பயந்துட்டாங்க. 'நான் இங்கதான் கீறேன்க்கா, எங்கயும் போவல'ன்னேன். கைய புட்ச்சிகினாங்க. அப்பால பயமே இல்ல. விடியறப்பதான் கைய வுட்டாங்க."

போய் வாருங்கள், மேடம். அன்று வீடு திரும்பியதும் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். பிறகு, அவர் படும் பாட்டை நினைத்துத் தூக்கம் கெட்ட பல நாட்களுக்குப் பின், நன்றாகத் தூங்கினேன்.