பாசியக்காவின் வெள்ளி

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பாசியக்கா. கரையில் ஒதுங்கும் கடல்பாசியைப் பொறுக்கிவந்து மொட்டைமாடியில் காயப்போடுவாள். பொடித்து, வேகவைத்து, வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றுவாள். வெளிர்மஞ்சள் நீர் மெல்ல மெல்லக் காப்பி நிறத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் கிருமிகளை அந்தத் துகள்கள் கொல்லுமா? அதுதான் அவள் ஆராய்ச்சி.

அவள் இருந்தது தம்பி வீட்டில். "ஊரே வெள்ளிய வாங்கிப் பெட்டில பூட்டுது, எங்கக்கா தண்ணில கரைக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் தம்பி சொல்வான். அவளும் சிரித்துவைப்பாள். கரைசல் பட்டுக் கறுத்த விரல்களை மடிக்குள் மறைத்துக்கொள்வாள்.

இந்த வேலையை அவளோடு சேர்ந்து தொடங்கியவள் ஒரு தோழி. ஒரே மேசை, பங்குபோட்ட சாப்பாடு, ஓயாத வாய்ச்சண்டை. பெயிண்ட் கம்பெனியில் வேலை கிடைத்துத் தோழி வெளியூர் போனதிலிருந்து, பாசி அலசும்போது பாசியக்கா தனக்குத்தானே பேசிக்கொள்ள ஆரம்பித்தாள்.

எத்தனையோ தடவை துகள்கள் கட்டிதட்டி அடியில் தங்கிப்போயின. ஒருநாள் காலை, கிருமி வளர்த்துச் சிறு குழிகள் போட்டு வைத்திருந்த தட்டை எடுத்துப் பார்த்தாள். வெறும் பாசிச்சாறு விட்ட குழியைச் சுற்றிக் கிருமிகள் அடையாய்ப் படர்ந்திருந்தன. வெள்ளித் துகள் விட்ட குழியைச் சுற்றி மட்டும் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு வட்டம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோழிக்குப் போன் போட்டாள்.

"செத்துடுச்சுடி!"

"ஐயையோ, யாரு?"

"கிருமிடி!"

"அடிப்பாவி, உயிரே போயிடுச்சு எனக்கு. சூப்பர்டி! மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடவா?"

"சரி, சரி. போ."

சாயங்காலம்வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவியிடம் போனில் எடுத்த தட்டின் படத்தைக் காட்டினாள்.

"என்ன அண்ணி, ஓட்டையா?"

"ஓட்டையில்லம்மா. அதச் சுத்தி ஒண்ணுமே இல்ல பாரு, அதுதான்."

"ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

குத்தலாகக் கேட்கவில்லை; புரியாமல்தான் கேட்டாள். முதலிலிருந்து சொல்லலாமா என்று பாசியக்கா யோசிப்பதற்குள் அடுப்பில் குக்கர் கூவியது. தம்பி மனைவி எழுந்து ஓடினாள்.

மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வட்டம் விழுந்தது. துறைத்தலைவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கும்மா, கட்டுரையா எழுதிடுங்க" என்றார். எழுதத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி கூப்பிட்டாள். புது வீடு, மாமியாரின் முழங்கால் வலி, ஆபீஸ் அரசியல் என்று மூச்சுவிடாமல் பேசினாள். தட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பாசியக்காவும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கே போனை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில், விடாமல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.