சித்தப்பாவின் ஊதா மாத்திரைகள்

அந்த டப்பா கைக்கு அடக்கமாக இருந்தது. மேலே நம் ஊரில் விளையாத பழங்களின் படம், கொத்துக் கொத்தாக. திறந்தால் பழ வாசனை வராது; ஊதா நிறக் கேப்ஸ்யூல்கள் மட்டும் இருக்கும். கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் ஒருவர் அதைச் சித்தப்பாவுக்கு விற்றிருந்தார். பெர்ரிப் பழச் சாறாம். கொழுப்பைக் கரைக்குமாம், ஈரலைக் கழுவிவிடுமாம். ஈரலைக் கழுவுவது என்ற பேச்சே எனக்கு ஏமாற்றாகப் பட்டது. முதல் நாளிலிருந்தே எனக்கு அந்த டப்பாவின் மேல் நம்பிக்கை இல்லை.

சித்தப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர். குரலால் பிழைப்பவர். ஒரு காலத்தில் ஏலம் முடிந்ததும் நேராகச் சாராயக்கடைக்குப் போவார். ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபின் அடியோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு உடம்பைப் பற்றிய பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் மீன் வறுவலை நிறுத்தினார், நடக்கத் தொடங்கினார். அந்தப் பயத்தில்தான் டப்பாவையும் வாங்கினார். அடுத்த சோதனையில் கொழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மாத்திரையால் என்றார் அவர். நடந்ததால் இருக்கும் என்றேன் நான். ஆனால் ஈரலுக்கான அளவுகள் ஏறியிருந்தன.

புதுச்சேரியில் ஈரல் கெட்டது என்றால் குடியைத் தவிர யாரும் வேறு காரணம் தேடமாட்டார்கள். சித்தி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவர்கள் மகன் துறைமுகத்து ஆட்களிடம் சாடைமாடையாக விசாரித்தான். ஒரு சாயங்காலம், படகு பிந்தியதால் அவர் நேரங்கழித்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தி வழிமறித்தாள். "வாயத் தொற." பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகமே கேட்கக் கூவும் அந்த வாய் சத்தமில்லாமல் திறந்தது. சித்தி மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

மறுநாளே டப்பாவோடு சித்தப்பா, சித்தி இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "சாறுன்னு போட்டிருக்கு. எவ்ளோ, கூட என்ன கலந்திருக்கு, ஒண்ணுமே இல்ல. இதுதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது. நிறுத்திட்டுப் பாப்போம்."

"நிறுத்திடறேன் டாக்டர். ஆனா அளவு எறங்கலன்னா என்னைத்தான் சொல்லுவாங்க" என்றார் சித்தப்பா, சித்தியைப் பார்க்காமல்.

காத்திருந்த வாரங்களில் சித்தி மோந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. அவரும் மறுக்கவில்லை. டப்பாவின் மேல் தவறாகப் பழி போட்டுவிட்டேனோ என்று எனக்கும் பயம்தான்.

மறுசோதனையின் முடிவு வந்தது. ஈரல் அளவுகள் இறங்கியிருந்தன. வீட்டுக்குள் போய்ச் சொல்ல முயன்ற என்னைச் சித்தப்பா தடுத்தார். "உள்ள வேணாம். வாசல்லயே படி. சத்தமா படி." படித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "இன்னும் சத்தமா" என்றார்.

சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லியே. மோந்துதான பாத்த" என்றார் சித்தப்பா. குரல் ஏறவே இல்லை.

இப்போதெல்லாம் சித்தி வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள். அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அந்தப் பதிலை அவள் நம்புகிறாளா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.