‘சுமார்தான் சார்’ என்று சொன்னேன்

அது 1958, ஜூன் மாதம். அப்போது எங்கள் வீடு புதுச்சேரி உப்பளத்தில் இருந்தது. கடலூரில் பி.ஏ. முடித்திருந்த நான், சென்னை ராஜ்யத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு மனுப் போட்டிருந்தேன். என் சிநேகிதனும் போட்டிருந்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு அங்கே ஒரே ஓர் இடம்தான். அந்த ஓர் இடத்துக்குப் போட்டி போட நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கொண்டுவந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு போனோம். என்ன வெகுளித்தனம் பாருங்கள்!

அவன் பிள்ளைச்சாவடி. மீன்பிடிக் குடும்பம். உதவித்தொகையில் புதுச்சேரியிலேயே பிரெஞ்சில் படித்துப் பட்டம் வாங்கியவன். இந்த இடம் கிடைக்காவிட்டால் அவனுக்கு வேறு வழி தயாராக இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அவன் மாமா, அடுத்த வாரமே வந்து கையெழுத்துப் போட்டுச் சேரச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். அப்போது அல்ஜீரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது; சேர்ந்தால் அங்கேதான் அனுப்புவார்கள். அவனுக்கோ துப்பாக்கி என்றாலே ஆகாது.

அவனுடைய மார்க் இருபதுக்குப் பன்னிரண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். எங்கள் ஊர்ப் பிரெஞ்சு வாத்தியார்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? பத்து வாங்கினால் பாஸ். பன்னிரண்டு வாங்கியவன் வீட்டில் பாயசம். பதினான்கு போட்டாரென்றால் வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் பன்னிரண்டைத் தொட்டவன் அவன் ஒருவன்தான்.

நேர்காணலுக்கு முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. “பன்னெண்ட அஞ்சால பெருக்கி அறுபதுன்னு எழுதிக்கிட்டாங்கடா. அந்தக் கணக்கு வேற, இந்தக் கணக்கு வேறன்னு சொன்னா, எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்கன்னுட்டாரு புரொபசரு” என்று சொல்லிவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் நூற்றுக்கு அறுபத்தாறு.

நேர்காணல் நடத்திய பேராசிரியர் நல்ல மனிதர். மனசு கேட்கவில்லை போலும். இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையே கேட்டார்: “நீங்களும் அந்த ஊர்தானே? நிஜத்தைச் சொல்லுங்க. உங்க ஊர்ல பன்னிரண்டுங்கிறது பெரிய மார்க்கா, சுமாரா?”

அவன் சொன்னால் எடுபடாது. நான் சொன்னால் எடுபடும். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவன் எப்படியும் எங்காவது பிழைத்துக்கொள்வான் என்று ஒரு நினைப்பு, பாவி மனசில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது.

“சுமார்தான் சார்” என்றேன்.

அன்று மாலையே பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பேர் இருந்தது. அவன் என் தோளைத் தட்டி, “ஜமாய்டா” என்றான். திரும்பும்போது பஸ்ஸில் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு யார் யாரோ வந்து பாராட்டினார்கள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை, அதுதான் வெட்கக்கேடு! மத்தியானம் அவன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு பனையோலைக் கூடை. உள்ளே முழுசாக ஒரு வஞ்சிரம். “அம்மா குடுத்தனுப்பிச்சி. புள்ள எம்.ஏ. படிக்கப் போவுது, நல்லா சாப்புடட்டும்னு” என்று சொல்லிவிட்டு, உள்ளே கூட வராமல் கிளம்பிப் போய்விட்டான்.

என் அம்மா அதைக் குழம்பு வைத்து இலையில் போட்டாள். ஒரு வாய் கூட இறங்கவில்லை. கையை உதறிவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். பேராசிரியர் முன் நின்று, நான் சொன்னது பொய், அங்கே பன்னிரண்டுதான் அந்த வருஷத்தின் முதல் மார்க் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “இடம் ஒண்ணுதான் தம்பி. அவர் பேரைச் சேர்த்தா உங்க பேரை எடுக்கணும். யோசிச்சுத்தான் வந்தீங்களா?” என்றார். தலையை ஆட்டினேன். அவர் பேனாவை எடுத்து என் பேரை அடித்துவிட்டு, அதற்கு மேலே அவன் பேரை எழுதினார்.

ஊர் திரும்பியதும் நேரே பிள்ளைச்சாவடிக்குச் சைக்கிளை விட்டேன். சாயங்காலம், கட்டுமரத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இடம் அவனுக்குத்தான் என்றும், அன்று உள்ளே நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். இரண்டு அறையாவது விடுவான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டான்.

“தெரியும்டா. கதவு தொறந்துதானே கெடந்துச்சி. வாசல்லதானே குந்தியிருந்தேன்.”

“அப்புறம் எதுக்குடா மீனு கொண்டாந்த?” என்றேன்.

“அம்மா சந்தோசமா குடுத்துச்சி. நீ செஞ்சத அதுங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலடா.”

அவன் எம்.ஏ. முடித்து வாத்தியாரானான். எனக்கு அடுத்த வருஷம் இடம் கிடைத்தது. அதுவரை அப்பா என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. உத்தியோகத்தில் எத்தனையோ பேர் என்னிடம், “அவர் ஆள் எப்படி சார்?” என்று இன்னொருவரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், அந்த ஆள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் இன்றுவரை நான் வாயைத் திறக்கிறேன்.