அவனும் பறந்தவன்தான்

அறச்சினம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், பணிவே பண்பெனப் பழகிய எங்கள் ஊரில் அதைக் குன்றாமல் காத்தவள், இறைச்சிக் கடைக்காரர் ரெஜ்ஜின் மனைவி மேவிஸ் ஸ்கிரிம்ஷா.

அவள் தம்பி கிளிஃபோர்ட் ஊர்ப்புறத்து விமானத்தளத்தில் இருந்தான். பகலெல்லாம் எஞ்சின் துடைப்பான். ஆணை வந்தால் அதே எண்ணெய்க் கையோடு குண்டுவீச்சு விமானத்தின் பின்கூண்டில் ஏறித் துப்பாக்கி பிடிப்பான். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நாளில் அதுவே வழக்கம். உயிரைக் கேட்டார்கள், சட்டைக் கையில் தைக்கும் சார்ஜெண்ட் பதவியின் மூன்று பட்டையைக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் பறந்து சுடுவோர்க்கெல்லாம் பட்டை தைத்தார்கள். அதற்குள், முப்பத்தொன்பது டிசம்பரில், பத்தொன்பது வயதில், தோழர் மூவரோடு அவன் வடகடலில் வீழ்ந்தான். உடல் கிடைக்கவில்லை.

நாற்பத்தொன்பது நவம்பரில், நினைவு ஞாயிறன்று, தேவாலயத்தில் போரில் மாண்டோரின் பெயர்ப்பலகை திறந்தார்கள். தளத்தின் பழைய அதிகாரி பெல்லம் எழுந்து வாசித்தார். ‘வானில் மடிந்தோர்’ என்ற தலைப்பில் அவ்விமானத்தின் மூவர் பெயர் வந்தது. கிளிஃபோர்ட் வரவில்லை. கடைசியில், ‘தரைப் பணியாளர்’ என்பதன் கீழ், ஒரு சமையற்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் நடுவே வந்தான். பட்டை இல்லாதவன் பறந்திருக்க மாட்டான் என்று தீர்மானித்துவிட்டார்கள்!

மேவிஸ் எழுந்தாள்.

“நிறுத்துங்க சார். என் தம்பி தரையிலயா செத்தான்?”

“மிஸஸ் ஸ்கிரிம்ஷா, இப்ப மௌன அஞ்சலி நேரம். அப்புறம் பேசிக்கலாமே,” என்றார் பெல்லம்.

“நீங்க மௌனமா இருங்க. நான் பத்து வருஷமா இருந்தாச்சு.”

ரெஜ் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார். “உக்காருடி, ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். உங்க கடையில செத்த பன்னிக்குக்கூட தொடை எது, விலா எதுன்னு சரியா சீட்டு குத்தறீங்க. இவங்களுக்கு மனுஷன் எங்க செத்தான்னே தெரியல!”

பெல்லம் தொண்டையைச் செருமினார். “பதவிப்படி எழுதினதும்மா…”

“கடல்ல பதவிப்படியா விழுந்தாங்க? நாலு பேரையும் ஒண்ணா வாசிங்க. வாசிக்காம நான் உக்கார மாட்டேன்.”

அஞ்சலிக்குரிய பதினொரு மணி அடித்து ஓய்ந்தது. எவரும் தலை குனியவில்லை. பெல்லம் முகம் சிவக்க, நான்கு பெயரையும் ஒருசேர வாசித்தார். அதன் பின்னரே அவள் அமர்ந்தாள். அதன் பின்னரே மௌனம் தொடங்கிற்று. மறுவாரம் பலகையைக் கழற்றித் திருத்தினார்கள்.

பிள்ளையைச் சாகவிட்டபின் அவன் சட்டைக் கையில் பட்டை தேடியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு வேண்டிய மனத்தை ஆண்டவர்தாம் எனக்கு அருளவேண்டும்.

மேவிஸின் இல்லத்தை அவர் காப்பாராக. அவள் மக்களும் மக்களின் மக்களும் நெடிது வாழ்க. அவ்வீட்டுப் பிள்ளை எவனையும் எவ்வரசும் இனிப் போருக்குக் கேளாதிருப்பதாக.