இரும்புலியூரில் இரண்டு சுவர்கள்

இரும்புலியூரில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தேர்தல் நேரம். எதிர் வீட்டு முன்சுவரில் ஒரு கட்சியின் சின்னமும் பக்கச்சுவரில் எதிர்க்கட்சியின் சின்னமும் ஈரம் காயாமல் மின்னுகின்றன.

“ரெண்டு கட்சிக்குமா சுவரைக் கொடுத்தீங்க?” என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்கிறேன்.

“போன தபா இவங்க ஜெயிச்சாங்க, அதுக்கு முந்தி அவங்க. இந்தத் தபா யாருன்னு தெரியாது சார். அதான் ரெண்டு பேரும் வந்து கெஞ்சுறாங்க. வூட்டுக்கு ஓசில வெள்ளையடிச்சாச்சு. உங்க ஊர்ல?”

எங்கள் ஊரில் எப்போதும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். ஓட்டுக் கேட்டுக்கூட யாரும் தெருவுக்குள் வருவதில்லை. காரை பெயர்ந்த என் வீட்டுச் சுவரை நினைத்தால் வயிறு எரிகிறது.

வேட்பாளரின் ஜீப் வந்து நிற்கிறது. அவர் இறங்கி நேராக என்னிடம் வந்து கைகளைப் பிடித்துக்கொள்கிறார். “மறந்துடாதீங்கண்ணே.”

“பார்க்கலாம்” என்று பிகு பண்ணுகிறேன், இந்தத் தொகுதியில் ஓட்டே இல்லாத நான்.