குறை சொல்லப் பழகியவர்

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் தாணுமாலையன் அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் டெல்லிக்காரன், சென்னைக்காரன் ஒருத்தனும் மிஞ்சமாட்டான். அதை நம்பித்தான் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அவரை அனுப்பினோம். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. டீக்கடை வேறு, மைக் வேறு என்று எங்களில் ஒருத்தனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

எங்கள் வயல்கள் கால்வாயின் கடைமடை. தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் போனாலும், மேலே இருக்கிறவர்கள் வாழைக்குப் பாய்ச்சி மிச்சம் விட்டால்தான் எங்களுக்கு. அந்த வருஷம் பிசானப் பருவத்தில், நெல் பொதி கட்டிக் கதிர் தள்ளுகிற நேரமாகப் பார்த்து வாய்க்கால் வறண்டுவிட்டது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் பயிர் பிழைக்கும். முறை வைத்து எங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நானும் கூடப் போயிருந்தேன். அதட்டுகிற அதிகாரியாக இருந்திருந்தால் அண்ணாச்சி சமாளித்திருப்பார். இருந்ததோ சின்ன வயதுப் பெண். இவர் பேரைக் கூப்பிட்டு, "வாங்க ஐயா, காலையில சாப்பிட்டீங்களா? உங்க பக்கம் என்ன குறை, சொல்லுங்க" என்று சிரித்த முகமாகக் கேட்டார். அண்ணாச்சி எழுந்தார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல தாயி" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் யாராவது பரிவாக விசாரித்தால் வாய் தானாகச் சொல்லுகிற பதில் அது. பயத்தில் மூளை நின்றுவிட்டது, நாக்கு தனக்குப் பழக்கமானதைச் சொல்லிவிட்டது. மண்டபமே சிரித்தது. "இப்படிச் சொல்றவர் ஒருத்தராவது இருக்காரே" என்று அந்த அம்மாளும் சிரித்துவிட்டு அடுத்த ஊரைக் கூப்பிட்டார். மேல்மடைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வரவில்லை. பம்புசெட் வைத்திருந்தவர்கள் பாதிப் பயிரை எப்படியோ உயிரோடு வைத்திருந்தோம். முத்துராணிக்கு ஏது பம்புசெட்? புருஷன் போன பிறகு குத்தகைக்கு எடுத்து ஒற்றை ஆளாகப் பயிர் வைத்தவள். அவள் வயல் முழுதாகக் கருகி, கடைசியில் ஆடு மேய்ந்தது. ஊரில் எல்லாரும் அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா, குறை ஒண்ணும் இல்லயே?" என்று சின்னப் பயல்கள்கூடக் கேட்டார்கள். முத்துராணி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். அதுதான் அவரைக் கொன்றது.

"அடுத்த கூட்டத்துலயும் நாந்தான் பேசுவேன்" என்று வந்து நின்றார்.

"வே, பட்டது போதாதா?" என்றேன்.

"நான் கெடுத்தது. நாந்தான் கேக்கணும். எனக்குப் பேசத் தெரியாம இல்லவே, மொகத்துக்கு நேரா குறை சொல்லத்தான் தெரியல. அதப் பழகிட்டு வாறேன்."

பழகினார். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. ரேஷன் கடையில் சீனி எடை குறைகிறது என்றார். பஸ் கண்டக்டரிடம் ஜன்னல் மூடவில்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் முதலில் வேர்த்துக் கொட்டியது, பேச்சு திக்கியது. பிறகு பைய வசப்பட்டது. உச்சம், அவர் மைத்துனர் வீட்டு மறுவீட்டுச் சாப்பாட்டில்தான். சம்பந்தி வீட்டுக்காரர் பந்தியில் குனிந்து, "எல்லாம் திருப்தியா அண்ணாச்சி?" என்று கேட்க, இவர் இலையைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பார்த்து, "சொதியில உப்பு கூடிட்டு" என்று சொல்லிவிட்டார். பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்றுவிட்டான்.

அவர் மனைவி இசக்கியம்மா வீடு வந்து சேருகிறவரை பொறுத்துக்கொண்டாள். வந்தபின் பிடிபிடியென்று பிடித்தாள். "நல்ல காரியத்துல போயி குறை சொல்லுதியளே, உங்களுக்கு வெக்கம் மானமே இல்லயா? எங்க அண்ணன் மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

"வெக்கப்பட்டுத்தான ஊரு பயிரக் காய விட்டேன்" என்றார் அவர்.

அடுத்த கூட்டம் வந்தது. அந்த அம்மாள் இவரை மறக்கவில்லை. "ஐயா, உங்களுக்குத்தான் குறையே கிடையாதே" என்றார். மறுபடியும் சிரிப்பு. அண்ணாச்சி எழுந்தார். இந்தத் தடவை துண்டைத் தோளைவிட்டு இறக்கவில்லை.

"போன தடவ நான் சொன்னது பொய்ம்மா" என்றார். "நீங்க மரியாதையா கேட்டிய, நானும் மரியாதைக்குச் சொல்லிட்டேன். அந்த மரியாதையில எங்க பயிரு செத்துப்போச்சு."

சிரிப்பு நின்றது. மேலே யார் யார் எப்போது மடையை அடைக்கிறார்கள் என்று சொன்னார். மிச்சப் பயிருக்கு எத்தனை நாள் உயிர் என்று சொன்னார். குரல் ஏறி இறங்கி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நின்றது. கூட்டம் தன் கைக்குள் வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்த நேரத்தில்தான் அதைச் சொன்னார்.

"எங்க ஊர்ல முத்துராணின்னு ஒரு பொம்பள. புருஷன் இல்லாதவ. அவ வயல்ல ஆடு மேயுது. ரெண்டு நாளா அவ வீட்டு அடுப்பு எரியலம்மா."

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. போன தடவை கை தட்டிய மேல்மடைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த வாரமே ஆள் வந்து நின்று மடையைத் திறந்தார்கள். யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் போனது. டீக்கடையில் அண்ணாச்சியை யாரும் காசு கொடுக்க விடவில்லை.

தண்ணீர் வந்த அன்று சாயங்காலம், "முத்துராணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வருவோம், இனி அவளும் என்னய மன்னிச்சிருவா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரோரம் ஒரு அரிசி மூட்டை.

"நல்லாப் பேசுனிய அண்ணாச்சி. வீடியோவுல பார்த்தேன்" என்றாள்.

அவர் முகம் பூரித்துவிட்டது. "நடுங்கிட்டுத்தான் நின்னேன் தாயி."

"வயலு காஞ்சத மககிட்டகூட நான் சொல்லல. கட்டிக்குடுத்து வருசம் முடியல. சம்பந்தி வீட்டுல எல்லாரும் உக்காந்து பார்த்திருக்காவ." விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டு அடுப்பு என்னைக்கு அண்ணாச்சி எரியாம இருந்துச்சு? நான் பீடி சுத்தியாவது உல வைக்கலயா?"

"அது... பேச்சு வாக்குல வந்துட்டு தாயி. அப்பிடிச் சொன்னாத்தான் கேப்பாவன்னு."

"கேட்டுட்டாவ. சம்பந்தியம்மா அந்த மூட்டைய என் மகட்ட குடுத்து பஸ்ஸுல அனுப்பியிருக்கா. உங்கம்மா பட்டினி கிடக்காளாமேன்னு சொல்லிக் குடுத்தாளாம். பிள்ள வாசல்ல நின்னு அழுதுட்டுப் போறா." அவள் அழவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "அத எப்பிடித் திருப்பிக் குடுக்க? என்ன சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுங்க அண்ணாச்சி. நீங்கதான பேசத் தெரிஞ்சவிய."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.